உச்சிமாடிக் குதிரைப் படலம்

வாழ்க அவன் கொற்றம். வாழ்க அவன் கை நீங்கா ரிமோட். அவன் திருமேனி நெடுங்காலம் அழுந்தி அழுந்திச் சோபாவின் இடப்புறத்தே அகழ்ந்த அந்த ஆழ்ந்த பள்ளமும் வாழ்க; அதில் அவனையன்றி வேறெவர் அமர்ந்தாலும் ஒருக்களித்துச் சாய்வரேயன்றி நிமிர்ந்திருத்தல் கூடாது.

இரண்டு மாடிகளுக்கு நடுவே மூச்சடைத்து நின்ற இரும்புப் பெட்டிகளை ஒற்றைத் திருப்புளியால் உயிர்ப்பித்தவன். உள்ளே அகப்பட்டு, தெரிந்த தெய்வங்களை எல்லாம் பெயர் சொல்லி அழைத்து, தெரியாதவற்றுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவைத்த கனவான்களைத் தரை சேர்த்தவன். ஏறாதனவற்றை ஏற்றி, இறங்காதனவற்றை இறக்கி, வாரம் முழுதும் செங்குத்தாக வாழ்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மட்டும் படுக்கைவசமாக வாழ்ந்த பெருந்தகை. உலகத்தாரால் லிப்ட் மெக்கானிக் என்றும் இல்லாளால் 'ஏங்க' என்றும் விளிக்கப்பட்ட அவ்வீரன், உண்ட மயக்கம் ஊரெங்கும் கொடி நாட்டியதோர் ஞாயிறு நண்பகலில், நித்திரை என்னும் பேரரசியை எதிர்த்துத் தன்னந்தனியனாய்ப் பொருத போரைச் சொல்ல வந்தது இக்காதை.

ரிமோட்டின் வயிற்றுள் உறையும் இணைபிரியா மின்கலங்காள், பல்லால் கடிக்கப்பட்டும் உள்ளங்கையில் உருட்டப்பட்டும் மேசை விளிம்பில் தட்டப்பட்டும் இன்னும் சிறிது உயிர் பிடித்து வைத்திருக்கும் பொறையுடையீர், இப்படலம் முடியுமட்டும் மண்டையைப் போட்டுவிடாது காத்தருள்வீராக.

வீரனுக்கு ஒரு படம் இருந்தது. பிறர்க்கெல்லாம் பிடித்த படங்கள் பல இருக்கும். அவை ஆண்டுக்காண்டு மாறும். பக்கத்து வீட்டார் பிடித்தது என்று சொன்னால் தமக்கும் பிடிக்கும். இவன் அத்தகையன் அல்லன். கொண்ட படம் ஒன்று, கொண்ட பென் டிரைவ் ஒன்று என வாழ்ந்தவன். கதையோ எளியது. மரக்கிடங்கில் கூலி வேலை செய்யும் நாயகன்மீது தொலைபேசி நிலையத்து நாயகி காதல் கொள்வாள். கிடங்கின் முதலாளியாகிய கொடியோன், வெயிலிலும் மழையிலும் குளியலறையிலும் சிவப்புத் தொப்பி கழற்றாதவன், இருவரையும் பிரிப்பான். பிரித்தது போதாதென்று நாயகியைக் கட்டி முடிக்காத நெடுங்கட்டடம் ஒன்றின் உச்சிமாடிக்கே கொண்டுபோவேன் என்று கர்ஜித்துக் காரில் ஏற்றுவான். இப்படத்தின் வசனங்கள் வீரனுக்கு எத்துணை மனப்பாடம் எனின், திரையிலுள்ள உதடு அசையுமுன் இவன் உதடு அசையும். திரையிலுள்ளவன் தடுமாறும் இடத்தில் இவன் தடுமாறான்.

எனினும் அவன் உயிர் குடிகொண்டிருந்தது கிளைமாக்சில். ஆகா, அந்தக் குதிரை. பாற்கடல் திரண்டு நாலு கால் முளைத்தாற்போன்ற அந்த வெண்புரவி. அதன் புகழை அவன் பாடாத இடமில்லை. எங்கேனும் ஒரு லிப்ட் நின்றுபோய், உள்ளே அகப்பட்டவர் அலறத் தொடங்கினால், மூடிய கதவின் இப்புறம் நின்று திருப்புளியைச் சுழற்றிக்கொண்டே அப்புறத்தார் நடுக்கம் தீர அவன் உரைப்பதும் அக்குதிரையின் கதையே.

"பயப்படாதீங்கம்மா, ஒரு படத்துல இப்படித்தான். ஒரு வெள்ளைக் குதிரை. ஹீரோ அது மேல உக்காந்து அப்படியே மேல போவான். ஒவ்வொரு மாடியிலயும் கொஞ்சம் நிக்கும். அப்புறம் திரும்ப மேல. உச்சிமாடி வந்ததும் டிங்னு ஒரு மணி அடிக்கும் பாருங்க, புல்லரிச்சுப் போயிடும்."

உள்ளிருப்போர் அழுகையை நிறுத்துவர். "அப்புறம்?" என்பர். கதவு திறந்த பின்னும் கதை முடியும்வரை வெளியே வராதிருந்தோர் உண்டு.

இனி அவ்வீட்டின் தொன்றுதொட்ட வழக்கம் ஒன்றை உரைத்தல் வேண்டும். இப்போரின் மூலம் அதில்தான் கிடக்கிறது. ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீரன் பள்ளத்தில் இறங்கிப் படத்தை ஓடவிடுவான். சிவப்புத் தொப்பிக்காரன் நாயகியைக் காரில் ஏற்றும் கட்டத்தில் முதற் குறட்டை எழும். அக்குறட்டையே அவ்வீட்டில் 'சுபம்'. "படம் முடிஞ்சிடுச்சு" என்பாள் மகள். மருத்துவமனையில் செவிலியாகிய மனையாள், காய்ச்சற்காரன் வாயிலிருந்து தெர்மாமீட்டரை உருவும் லாகவத்தோடு அவன் கையிலிருந்து ரிமோட்டை உருவுவாள். திரையில் வேறு நிகழ்ச்சி தோன்றும். மாலையில் டீயின் மணம் நாசியில் ஏறக் கண்விழிக்கும் வீரன், "முடிஞ்சிடுச்சா?" என்பான். "முடிஞ்சிடுச்சு" என்பர். "என்னா கிளைமாக்சு" என்று நெஞ்சு விம்முவான். அதில் ஒரு துளியும் பொய்யில்லை. அவன் குதிரையைக் கண்டான், ஞாயிறுதோறும் கண்டான், எங்கே கண்டான் என்பதை மட்டும் அவனும் அறியான், அவ்வீட்டில் எவரும் அறியார்.

அறியாமை இவ்வாறு இன்பமாய் நடந்துகொண்டிருந்த அவ்வில்லத்துள் ஐயம் என்னும் படைக்கலம் ஏந்திப் புகுந்தான் ஒருவன். மனையாளின் உடன்பிறந்த இளவல். கண்ணாடிக் கடையில் வருவோர் போவோர் கண்ணையெல்லாம் சோதிப்பவன். நாலாம் வரியின் மூன்றாம் எழுத்தைத் தப்பாகச் சொன்னவர்களை மனிதர்களாகவே மதியாதவன். தன் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள் என்று பெட்டியோடு வந்தவன்; வண்ணம் காய்ந்து, உரியவும் தொடங்கியிருக்கும்; பெட்டி மட்டும் கூடத்து மூலையை விட்டு நகரவில்லை. ஞாயிறு மதியத்துக் கால்பந்தாட்டத்தின்மேல் அவனுக்கு ஒரு கண். ஆகவே அத்தானின் படத்தின்மேல் மற்றொரு கண்.

சாப்பாட்டு மேசையில் அவன் முதல் அம்பைத் தொடுத்தான்.

"அத்தான், ஒரு சந்தேகம். அந்தக் குதிரை எப்படி மேல ஏறுது?"

"படியில."

"கட்டி முடிக்காத கட்டடம்னு சொன்னீங்க. படியில குதிரை ஏறுமா?"

"நல்ல குதிரைடா அது."

"படம் பூரா மரக்கிடங்குல லாரிதான் நிக்குது. கடைசியில திடீர்னு குதிரை எங்கேருந்து வந்துச்சு?"

"அதுக்குப் பேர்தான்டா படம்" என்றான் வீரன், குழம்பை ஊற்றிக்கொண்டே.

இளவல் தமக்கையை நோக்கினான். "நீ பாத்திருக்கியா அக்கா?"

"நான் அந்த நேரம் கொடியில துணி எடுக்கப் போயிருப்பேன். உங்கத்தான் சொல்லித்தான் தெரியும்."

"எனக்கும் அப்பா சொன்னதுதான் மாமா" என்றாள் மகள்.

இளவல் எழுந்தான். எழுந்தவன் எச்சிற் கையை வாளென உயர்த்தி, எட்டுத் திசையும் கேட்கப் பிரகடனம் செய்தான்: இன்று படம் ஓடுக, குதிரை வருமாயின் இவ்வீட்டில் தான் தங்கும் நாளெல்லாம் ரிமோட்டைத் தீண்டுவதில்லை, குதிரை வாராதொழியினும், வருமுன் அத்தானின் இமை மூடினும், பென் டிரைவ் துடைத்து அழிக்கப்படும், ஞாயிறு தன்னுடையதாகும், இதற்குத் தானே நடுவன், பகலில் கண்ணயர்ந்த வரலாறு தன் குலத்தில் எவர்க்கும் இல்லை.

வீரன் சினந்தான். அவன் காதுமடல் சிவந்தது. அப்பளம் அவன் கைக்குள் தூளாயிற்று. குதிரை வரும், நான் விழித்திருப்பேன், விழித்திருந்து அதன் பிடரி மயிரையும் எண்ணிச் சொல்வேன் எனச் சூளுரைத்தான்.

"ரெண்டு பேரும் முதல்ல கையக் கழுவுங்க" என்றாள் செவிலி. போர்முரசு இவ்வாறு ஒலித்தது.

அன்று வீரன் சோபாவைத் துறந்தான். துறவிகள் அரசைத் துறந்ததும் ஒரு துறவா? வா வா என்று வாய் பிளந்து அழைத்த அந்தப் பள்ளத்தை ஏறிட்டும் பாராது, சமையலறையிலிருந்து இரும்பு முக்காலி ஒன்றைக் கொணர்ந்து, சாய்மானமற்ற அதன் உச்சியில் ஏறி, முதுகெலும்பை லிப்ட் கம்பியென விறைத்து அமர்ந்தான். கண்களுக்குக் கீழே தலைவலித் தைலம் பூசினான். அது கண்ணுக்குள்ளும் குடியேறிக் கன்னங்களில் தாரையாய் இழிந்தது. கொடியிலிருந்து துணிக் கிளிப் ஒன்றைப் பறித்து இடச்செவி மடலில் குண்டலமெனப் பூட்டினான்.

"ஏங்க, காது கறுத்துடும்" என்றாள் மனையாள்.

"கறுக்கட்டும்."

காலியான சோபாவின் இடப்புறத்தை இளவல் வென்ற நாடென ஆக்கிரமித்தான். வலப்புறத்தே மனையாள், காலை ஷிப்ட் முடித்து வந்த களைப்போடு, துவைத்த தலையணை உறைகளை மடித்தபடி. பாயில் மகள், தலையணையைக் கட்டிக்கொண்டு. படம் தொடங்கிற்று.

நித்திரைப் பேரரசி தன் படைகளை அணிவகுத்தாள். மின்விசிறி அவள் பாணன். அது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிற்று. திரைச்சீலை அவள் தோழி; வெயிலை வடிகட்டி அந்தி போல் ஆக்கிற்று. மேல்வீட்டுத் துணி துவைக்கும் யந்திரம் அவள் போர்யானை. தொலைவில் நின்று உறுமிற்று. உண்ட சோறோ உள்ளிருந்தே கோட்டைக் கதவைத் திறந்துவிடும் துரோகி. இடைவேளைவரை வீரன் இவற்றை எல்லாம் இடது கையால் தடுத்தான். தொலைபேசி நிலையத்துப் பாட்டு வந்தது, பாடினான். மரம் அடுக்கும் சண்டை வந்தது; முக்காலியில் இருந்தபடியே இரண்டு குத்து விட்டான். சிவப்புத் தொப்பிக்காரன் காரின் கதவைத் திறந்தான். அவ்வளவுதான். நெடுங்காலப் பழக்கத்தால் அக்கதவு திறக்கும் ஓசைக்கே வீரனின் இமைகள் தாமாகச் சாத்திக்கொள்ளும்.

அப்போது அரசி தன் மாபெருந் தளபதியை ஏவினாள். கொட்டாவி புறப்பட்டது. அடிவயிற்றில் பிறந்து, மார்பில் வளர்ந்து, தொண்டையில் முடிசூடி, தாடையைப் பெயர்த்துக்கொண்டு வெளிவரத் துடித்த அக்கொட்டாவியை வீரன் பற்களைக் கிட்டித்து மறித்தான். மறித்த மறிப்பில் அவன் மூக்குத் துளைகள் விரிந்தன. கழுத்து நரம்புகள் புடைத்தன. ஆயினும் மார்பில் பட்டுத் தெறித்த அம்பு பக்கத்தில் நிற்பவனைத் தைப்பதுபோல், வாய்க்குள் அடக்கிய கொட்டாவி காற்றில் தாவிப் பாய்மேல் விழுந்தது. மகள் வாயைப் பிளந்தாள். பிளந்தவள் மூடுமுன் உறங்கினாள். அவள் பிளந்ததைக் கண்ட செவிலி பிளந்தாள். மடித்த உறை மடியிலும் மடியாத உறை கையிலுமாகச் சாய்ந்தாள். இரண்டாம் கொட்டாவி வந்தது. அதனையும் வீரன் மறித்தான். அது தெறித்து நடுவன்மேல் பாய்ந்தது.

இளவல் சும்மா விழுந்துவிடவில்லை. அவனும் ஒரு வீரனே. கண்ணை அகல விரித்தான். தொடையைக் கிள்ளினான். "நான் பாத்துட்டுதான் இருக்கேன் அத்தான்" என்று ஒருமுறை சொன்னான். பிறிதொருமுறை "பாத்துட்டுதான்" என்றான். அதன்பின் "பா" என்றான். அவன் அமர்ந்திருந்ததோ பிறர் எவரையும் நிமிர்ந்திருக்க விடாத பள்ளம். அது தன் பழைய தலைவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் கழிப்பதுபோல் அவனை மெல்ல மெல்ல ஒருபக்கம் சாய்த்து, தோள்வரை விழுங்கிற்று.

வீரனின் தலையும் ஒருகணம் தாழ்ந்தது. தாழ்ந்த தலையோடு துணிக் கிளிப் தோளில் இடறிக் காதைத் திருகிற்று. "அம்மா" என்று விழித்தான். கார் கதவு மூடப்பட்டுவிட்டது, கார் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் விரிந்தது அவ்வீட்டார் எவர் விழியும் படாத புதுநிலம். பார்த்தறியாத சாலை, பார்த்தறியாத பெட்ரோல் பங்க், அங்கே ஒரு கிழவர் வந்து ஏதோ சொன்னார், அவரையும் இவன் பார்த்ததில்லை. வீரன் திகைத்தான். பல்லாண்டு குடியிருந்த வீட்டில் கதவொன்று புதிதாக இருக்கக் கண்டவன்போல் திகைத்தான். "இது எப்ப வந்துச்சு" என்று முணுமுணுத்தான். அந்நொடிதான் ஏதோ ஒன்று அவனுக்கு மெல்ல விளங்கத் தொடங்கிற்று. விளங்க வேண்டாம் என்று அவன் அதைத் திருப்பி அனுப்பிப் பார்த்தான்.

இதோ உச்சிமாடி. இதோ கட்டப்பட்ட நாயகி. இதோ கீழே அண்ணாந்து நிற்கும் நாயகன். வீரன் முக்காலியின் விளிம்புக்கு வந்தான். டக், டக், டக் என்று ஓர் ஓசை எழுந்தது. அவன் மயிர்க்கால்கள் குத்திட்டன. தைலக் கண்ணீரினூடே புன்னகை அரும்பிற்று. வலக்கை தானாகக் கடிவாளம் பற்றிற்று. டக், டக், டக்.

சிவப்புத் தொப்பிக்காரன் படியிறங்கி வந்துகொண்டிருந்தான். அது அவன் பூட்ஸ். கீழிருந்து நாயகன், "மரியாதையா இறங்கி வந்துடு" என்று ஒரு குரல் கொடுத்திருந்தான். அவனும் மரியாதையாக இறங்கி வந்துவிட்டான். போலீஸ் ஜீப் ஒன்று வந்தது. கொடியோன் தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சிடுங்க" என்றான். உள்ளே வழுக்கை. பிறகு எல்லோரும் வரிசையாக நின்று, எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்கள்.

குதிரை வரவில்லை. குதிரை வந்து போன சுவடும் இல்லை. ஒரு குளம்படி இல்லை, ஒரு பிடி புல் இல்லை, மணி இல்லை.

வீரன் அசையாதிருந்தான். பென் டிரைவ் போகும், ஞாயிறு போகும், போகட்டும். நாளைக்கு எங்கேனும் ஒரு லிப்ட் நிற்கும். உள்ளே ஒருத்தி அழுவாள். கதவின் இப்புறம் நின்றுகொண்டு அவளுக்கு எதைச் சொல்வது? ஒரு ஆளு படியில இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டாம்மா என்றா? அதைக் கேட்டு எவள் அழுகையை நிறுத்துவாள்? தைலம் வற்றிப் போன பின்னும் கண் நனைந்துகொண்டே இருந்தது.

அப்பொழுது இறுதி இசை, கும்பகர்ணனையும் எழுப்ப வல்ல தாரை தப்பட்டைகளோடு முழங்கிற்று. மூவரும் திடுக்கிட்டு விழித்தனர். பள்ளத்திலிருந்து பிடரியைப் பெயர்த்துக்கொண்டு எழுந்த நடுவன், தன் கன்னத்தில் சோபா உறையின் பூவேலை முழுதும் பதிந்திருப்பதை அறியாதவனாய், முதலில் திரையை நோக்கினான், பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. பின்பு அத்தானை நோக்கினான். முக்காலியின்மேல், முதுகு வளையாமல், கண்ணீர் பெருக. பார்த்த மாத்திரத்தில் அவன் நடந்ததை எல்லாம் அறிந்துகொண்டான். குதிரை வந்திருக்கிறது, வந்து, இந்த மனிதரை இந்தப் பாடு படுத்தியிருக்கிறது. தானோ தூங்கியிருக்கிறான், பகலில், நடுவன், கண் சோதிப்பவன்.

வீரன் வாயைத் திறந்தான். "மச்சான், அந்தக் குதிரை வந்து..."

"ஒத்துக்கறேன் அத்தான்" என்றான் இளவல் விரைவாக. "சொல்லாதீங்க. என் கண்ணால பாத்தேன். என்னா பாய்ச்சல்."

"வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை" என்றாள் செவிலி, கையிலிருந்த உறையை அவசரமாக மடித்தபடி. "சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி."

"நெத்தியில மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி இருந்துச்சும்மா" என்றாள் மகள். அவளும் விட்டுக்கொடுக்கிற குலத்தில் பிறந்தவள் அல்லள்.

"புள்ளி இல்ல, நிழல். கண் டெஸ்ட் பண்றவன்கிட்டயே சொல்றியா?"

"புள்ளிதான் மாமா. நீங்க முடியைக் கோதிட்டு இருந்தீங்க, கவனிக்கல."

"நான் கவனிக்கலையா? ரெண்டாவது மாடியில அது வாலைத் தூக்குச்சே, அதைக் கவனிச்சியா நீ?"

"வாலத் தூக்குனது மூணாவதுல" என்றாள் செவிலி. "ஏங்க, நீங்க சொல்லுங்க."

மூவரின் விழிகளும் முக்காலியை நோக்கி எழுந்தன. களத்தில் விழித்திருந்தவன் அவன் ஒருவனே. உண்மை என்னும் உருவிய வாள் அவன் நாவில் இருந்தது. ஒரு சொல் சொன்னால் மூன்று தலைகள் உருளும். அவன் மெல்லக் கையை உயர்த்தி, காதிலிருந்த கிளிப்பைக் கழற்றினான். நெடுநேரம் அதைப் பார்த்தான்.

"மணி அடிச்சுதா?" என்றான் தாழ்ந்த குரலில்.

"அடிச்சுதே" என்றனர் மூவரும் ஒருங்கே.

"டிங்னு" என்றாள் மகள்.

வீரன் முக்காலியினின்றும் இறங்கினான். இளவல் முன்வந்து, தோற்ற மன்னன் முடியைக் கழற்றித் திருவடியில் வைப்பதுபோல், ரிமோட்டை இரு கையாலும் ஏந்தி நீட்டினான். அதன் மின்கலங்கள் ஓயவில்லை, காப்புப் பலித்தது. சோபாவின் பள்ளம் தன் தலைவனை மீண்டும் ஏந்திப் பெருமூச்சு விட்டது. செவிச் செங்காயமே பதக்கமாக, தைல மணமே வாகைமாலையாக, நித்திரையை வென்ற நெடுந்தகை, நெற்றியில் புள்ளியுடையதோ இல்லாததோ ஆகிய வெண்புரவியைத் தொழுவத்துக்கு மீட்டுக் கொணர்ந்த மாவீரன், வீட்டார் மூவரும் சாட்சியாகக் குதிரையைச் சட்டப்படி உடைமையாக்கிக்கொண்ட முதல் மனிதன், அன்று அவ்விருக்கையில் வீற்றிருந்த கோலம் காணக் கண்கள் போதா.

லிப்ட் மெக்கானிக் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே படத்தைப் போட்டுவிட்டு, கார் கதவைத் திறக்கிற இடத்தில் தூங்கிவிட்டார்.